எம்.ஜி.பி. மக்கர் செய்யும்போது: அறிகுறி பார்த்துப் பழுது பிடிக்கும் வழி

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைக்கும் பொள்ளாச்சிக்கும் இடையில் எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் என்ற பழைய பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டுபவனுக்கு ஒரு வசதி உண்டு. இந்த வண்டியின் 1798 சி.சி. எஞ்சினும் நம் அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் ஒரே குடும்பம். இரண்டும் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி-சீரிஸ் எஞ்சின்கள். அதனால் இந்த வண்டியை முன்பின் பார்த்திராத அம்பாசடர் மெக்கானிக்கும் பானட்டைத் திறந்த உடனே பாதி வழி வந்துவிடுவார். பாலக்காட்டுச் சித்தூரில் எனக்குத் தெரிந்த ஆசான் ஒருவர் அப்படித்தான் இந்த வண்டியோடு பழகினார். மூடி கழற்றுவதற்கு முன்பே எந்த டேப்பட் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தம் போடுகிறது என்று சொல்லிவிடுவார். கேரள-தமிழக எல்லையின் இரண்டு பக்கமும் அப்படிப்பட்ட கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. அதனால்தான் திரும்பத் திரும்ப வரும் பழுதுகளை அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன்.

இங்கே சொல்பவை 1962 முதல் 1967 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் உருவான முதல் வகை வண்டிக்கு உரியவை: பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தது), பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் டைனமோ, எஸ்.யூ. என்ற பெயருள்ள இரட்டைக் கார்புரேட்டர், இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள். அதற்குப் பிந்தைய வண்டியில் நெகட்டிவ் எர்த்தும் ஆல்டர்னேட்டரும் இருக்கும். மின்சாரப் பகுதியைப் படிக்கும்போது அதை மனத்தில் கொள்ளுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடுகள்), டெஸ்ட் விளக்கு, உப்புத்தாள், இஞ்ச் அளவு ஸ்பேனர்கள். மி.மீ. ஸ்பேனரை வைத்துத் திருகினால் போல்ட்டின் தலை மழுங்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதும் ஓட்டிப் பாருங்கள். பாயிண்ட் (ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் தொடுமுனை), காயில் (ஸ்பார்க்குக்கு மின்னழுத்தம் கூட்டுவது), ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளை) மூன்றையும் ஒரே மாலையில் தொட்டவர்களுக்கு எது பழுது என்று கடைசிவரை தெரிவதில்லை. கார்புரேட்டரில் கை வைப்பது எப்போதும் கடைசி வேலை.

சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை

முதலில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்.

விளக்கு மங்கிச் செத்துப் போனால்: பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் பிடிப்பு சரியில்லை. இருக்கைக்குப் பின்னால் உள்ள மூடியைத் திறந்து இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியே அளந்து பாருங்கள். முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 6.3 வோல்ட் அளவில் நிற்கும். வேறொருவர் சாவியைத் திருப்பும்போது மீட்டரைப் பாருங்கள். ஒன்று மட்டும் சரேலென்று இறங்கினால் அதுதான் நோயாளி. மாற்றும்போது இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பழையதும் புதியதும் ஒரே வரிசையில் ஓடினால் புதியது சீக்கிரம் கெடும். இரண்டையும் இணைக்கும் குட்டிக் கேபிளின் முனைகளையும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். அந்த இடம் சாலை ஈரம் தெறிக்கும் இடம். ஆனியிலும் ஆடியிலும் பச்சைக் களிம்பு அங்கேதான் பிடிக்கிறது.

விளக்கு பிரகாசமாகவே இருந்து, ஒரு 'டக்' சத்தம் மட்டும் வந்தால்: சொலனாய்டு (செல்ஃபுக்கு மின்சாரம் விடும் காந்தச் சுவிட்ச்), அல்லது எஞ்சினின் எர்த். எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாடியோடு அதற்கு இருக்கும் முறையான மின் இணைப்பு ஒரு பின்னல் பட்டை மட்டும்தான். அது துருப்பிடித்தாலோ, கிளட்ச் வேலை முடித்தபின் யாராவது திரும்ப மாட்ட மறந்தாலோ, செல்ஃபுக்குப் போகும் மின்சாரம் வேறு வழி தேடும். அந்த வழி பெரும்பாலும் சோக் கேபிள். சாவியைத் திருப்பியபின் சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் வேறு சோதனையே வேண்டாம், எர்த் பட்டையை மாற்றுங்கள். இன்னும் உறுதி வேண்டுமென்றால் மீட்டரின் ஒரு முனையை எஞ்சின் பிளாக்கிலும் மறு முனையைப் பேட்டரியின் எர்த் கம்பத்திலும் வைத்துச் சாவியைத் திருப்புங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

செல்ஃப் 'விர்ர்' என்று சுழன்று எஞ்சினைப் பிடிக்கவில்லை என்றால்: பினியன் (எஞ்சினைப் பிடிக்கும் சிறு பற்சக்கரம்) ஏறும் தண்டில் அழுக்கு. மோட்டாரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவிக் காயவையுங்கள். அந்தத் தண்டுக்கு எண்ணெயோ கிரீஸோ போட வேண்டாம். கிளட்ச் தூசி அதில் ஒட்டிக் களிம்பாகிவிடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் செல்ஃப் திணறினால் உள்ளே புஷ், பிரஷ் தேய்ந்திருக்கும். மோட்டாரைக் கழற்றி எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். பக்கத்து வண்டியிலிருந்து சார்ஜ் எடுக்கும்போது மட்டும் மிகுந்த கவனம் தேவை. இந்த வண்டியில் பாசிட்டிவ்தான் பாடியோடு இணைந்திருக்கிறது. பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ், நெகட்டிவுக்கு நெகட்டிவ் மட்டுமே. கேபிள்களைக் கழற்றும்வரை இரண்டு வண்டிகளின் பாடியும் பம்பரும் ஒன்றையொன்று தொடவே கூடாது.

செல்ஃப் சுழல்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

சாவியை முதல் நிலைக்குத் திருப்பிக் காது கொடுங்கள். பின்பக்கம் எஸ்.யூ. பெட்ரோல் பம்ப் சில முறை 'டிக் டிக்' என்று அடித்துவிட்டு நின்றால் பெட்ரோல் வந்துவிட்டது, ஸ்பார்க்கைப் பாருங்கள். அடிக்கவே இல்லை, அல்லது நிற்காமல் அடிக்கிறது என்றால் பம்பைப் பாருங்கள். இந்தச் சத்தத்தைக் கேட்கப் பழகிக்கொண்டவருக்குப் பாதி மெக்கானிக் வேலை தெரிந்த மாதிரி. புதிய வண்டி எதுவும் இப்படி வாய் திறந்து சொல்வதில்லை.

பம்ப் நின்றது, ஆனால் ஸ்பார்க் இல்லை:

மழைக்காலக் காலை என்றால் முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் (சிலிண்டர்களுக்கு ஸ்பார்க்கைப் பங்கிடும் பெட்டி) மூடியைக் கழற்றி உள்ளும் புறமும் துடையுங்கள். உள்பக்கத்தில் பித்தளைக் கட்டைகளுக்கு இடையே பென்சிலால் கோடு கிழித்ததுபோல மெல்லிய கருப்பு வரி தெரிகிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தெரிந்தால் அந்த மூடி முடிந்தது. சுரண்டினாலும் ஸ்பார்க் மறுபடி அந்த வழியில்தான் ஓடும்.

அடுத்தது பாயிண்ட். இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். முகம் கருகியிருந்தால் உப்புத்தாளால் ஒரு இழுப்பு. ஒரு பக்கம் மேடும் மறு பக்கம் பள்ளமும் விழுந்திருந்தால் புதியது போடுங்கள், பாயிண்ட்டில் பொறி பறக்காமல் தடுக்கும் கண்டென்சரையும் சந்தேகியுங்கள். பாயிண்ட் திறக்கும்போது தடித்த பொறி பறந்தால் கண்டென்சர் போய்விட்டது என்று அர்த்தம்.

பிறகு ரோட்டார் (மூடிக்குள் சுழன்று ஸ்பார்க்கைக் கடத்தும் துண்டு). பார்வைக்குப் புதிதாக இருக்கும், உள்ளே கசியும். காயிலின் நடு வயரை மூடியிலிருந்து உருவி, ரப்பர் பிடியுள்ள குறட்டால் பிடித்து, ரோட்டாரின் பித்தளைத் தகட்டுக்குச் சில மி.மீ. மேலே வைத்துப் பாயிண்ட்டைக் கையால் திறந்து மூடுங்கள். பொறி குதித்தால் அது ரோட்டார் வழியாகத் தண்டுக்கு இறங்குகிறது. ரோட்டாரை மாற்றுங்கள். இதைச் செய்யும்போது பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது.

கடைசியில் காயில். இரண்டு சிறு முனைகளுக்கு இடையே சுமார் 3 ஓம் காட்ட வேண்டும். 1.5 ஓம் காட்டினால் அது பிந்தைய வண்டிகளுக்கான, தடுப்புக் கம்பியோடு ஓடும் காயில். நம் வண்டியில் சூடேறிக் கருகும்.

பாயிண்ட், ரோட்டார், கண்டென்சர் எல்லாம் பழைய அம்பாசடர் உதிரிகளில் பொருந்துபவையாகக் கிடைப்பதுண்டு. சென்னையின் பாடி பகுதியில் 1961இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். தயாரித்த பழைய சரக்கு புதுப்பேட்டையில் தட்டுப்பட்டால் யோசிக்காமல் வாங்கி வையுங்கள். ஆனால் பழையதைக் கையில் கொண்டுபோய் உயரம், துளை, தண்டின் வெட்டு மூன்றையும் ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும்.

பம்ப் அடிக்கவே இல்லை:

பம்பின் எர்த் வயர், மேல் முனை இரண்டையும் பாருங்கள். டெஸ்ட் விளக்கு எரிந்தும் பம்ப் ஊமையாக இருந்தால் ஸ்பேனரின் கைப்பிடியால் லேசாக ஒரு தட்டு. உயிர் வந்தால் பம்பின் பாயிண்ட் ஒட்டிக்கொண்டிருந்தது என்று பொருள். வீடு வந்து சேரலாம். மறுநாளே மூடியைக் கழற்றிப் பாயிண்ட்டுகளுக்கு நடுவே கெட்டித்தாளை விட்டு இழுத்துச் சுத்தம் செய்யுங்கள். தட்டித் தட்டியே ஒரு மாதம் ஓட்டக் கூடாது.

பம்ப் நிற்காமல் அடிக்கிறது:

டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா? இருக்கிறது என்றால் டேங்குக்கும் பம்புக்கும் இடையே எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோல் வெளியே போகிறது. இரண்டாவது என்றால் சாவியை உடனே அணைத்துவிட்டுப் 'பெட்ரோல் வாடை' பகுதிக்குப் போங்கள். முதலாவது என்றால் குழாய் இணைப்புகளை இறுக்கி, கார்புரேட்டர் பக்கக் குழாயைக் கழற்றி பாட்டிலுக்குள் விட்டு ஓட்டம் பாருங்கள். ஒரு நிமிடத்தில் அரை லிட்டருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் பம்பின் வடிகட்டி, பிறகு டையஃப்ரம் (பெட்ரோலை இழுத்துத் தள்ளும் சவ்வு).

நன்றாக ஓடிச் சூடேறியபின் நின்றுவிடுகிறது, ஆறினால் ஓடுகிறது

பங்குனி, சித்திரையில் வாளையார் சாலையில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தால் வரும் பழுது இது. ஏராளமான பணத்தை வீணாக்குவதும் இதுதான். பம்பை மாற்றுவார்கள், கார்புரேட்டரை மாற்றுவார்கள், பழுது அப்படியே இருக்கும். காரணம், வண்டி பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடுகிறது. நின்ற இடத்தில், நின்ற நிமிடத்தில் சோதித்தால்தான் உண்மை கிடைக்கும். வெயில் கொதித்தாலும் இறங்கிப் பானட்டைத் திறங்கள்.

ஸ்பார்க் இல்லை என்றால்: கண்டென்சர், அல்லது காயில். கண்டென்சர் மலிவானது, அதை முதலில் மாற்றுங்கள். இப்போது விற்பனைக்கு வரும் கண்டென்சர்களில் தரம் குறைந்தவை அதிகம். பெட்டி புதிதாக இருப்பதை வைத்து நம்ப வேண்டாம். ஓடிப் பார்த்து நல்லது என்று தெரிந்த ஒன்றைச் சுற்றி வண்டியிலேயே வைத்திருங்கள். அது மாறியும் ஸ்பார்க் வராவிட்டால் காயிலை ஈரத்துணியால் சுற்றி ஆறவைத்துப் பாருங்கள். ஆறியதும் ஸ்பார்க் வந்தால் காயில்தான்.

ஸ்பார்க் இருக்கிறது, பம்ப் விடாமல் வேகமாக அடிக்கிறது என்றால்: டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. வரப்புத் தூசியும் கரிசல் மண்ணும் பறக்கும் சித்தூர்ப் பக்கத்துச் சாலைகளில் இது அடிக்கடி நடக்கும். செலவே இல்லாத பழுது இது.

ஸ்பார்க் இருக்கிறது, பம்பும் அடித்து நின்றுவிட்டது, ஆனாலும் பிடிக்கவில்லை என்றால்: கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் கொதித்துப் பொங்கி எஞ்சினுக்குள் வழிந்திருக்கிறது. எம்.ஜி.பி.யில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் கார்புரேட்டரும் ஒரே பக்கம். வண்டி நின்றபின் எஞ்சினின் சூடு முழுவதும் மேலே ஏறிக் கிண்ணத்தைச் சுடும். ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். விட்டு விட்டு மிதிக்க வேண்டாம். எஸ்.யூ. கார்புரேட்டரில் மிதித்தால் பெட்ரோல் பீய்ச்சும் அமைப்பே கிடையாது. சோக்கையும் இழுக்க வேண்டாம்.

இது தொடர்ந்தால் கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே இருக்கும் வெப்பத் தடுப்புத் தகடு இருக்கிறதா, அதன் அட்டை உதிர்ந்துவிட்டதா என்று பாருங்கள். பல வண்டிகளில் அது யாரோ ஒருவரால் கழற்றி எறியப்பட்டிருக்கும். அதோடு கார்புரேட்டரைத் தாங்கும் கெட்டி இடைக்கட்டையும் வேண்டும், வெறும் காகிதக் கேஸ்கெட் போதாது. 2025 முதல் நமக்குக் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இந்தத் தொல்லையைக் கூட்டியிருக்கிறது என்பது என் அனுபவம். ஊர்ந்து செல்லும் நெரிசலில் மாட்டிக்கொண்டால், நின்றதும் எஞ்சினை அணைத்துப் பானட்டை ஒரு விரற்கடை தூக்கி வைப்பது நல்ல பழக்கம்.

இந்த மூன்று கிளைகளிலும் பிடிபடாவிட்டால் மட்டும் மெக்கானிக்கிடம் போங்கள். போகும்போது 'நின்ற நேரத்தில் ஸ்பார்க் இருந்தது, பம்ப் அடித்தது' என்பதைத் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அவருடைய ஒரு நாள் வேலை மிச்சம்.

பெட்ரோல் வாடை அடிக்கிறது, கார்புரேட்டர் ஒழுகுகிறது

எஞ்சினை அணையுங்கள். ஒழுகும் பெட்ரோல் சூடான எக்ஸாஸ்ட் மேல் விழும் வண்டி இது. வண்டியில் தீயணைப்பான் இல்லை என்றால் இந்தப் பகுதியைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அதை வாங்குங்கள்.

கிண்ணத்தின் வழிவுக் குழாயிலிருந்து ஒழுகினால்: உள்ளே ஊசி சரியாக மூடவில்லை. ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் கிண்ண மூடியை லேசாகத் தட்டிப் பம்பை ஓடவிடுங்கள். நின்றால் ஊசியில் தூசு. டேங்கில் துரு பெயர்கிறது என்பதற்கு அது அடையாளம். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய டேங்கின் அடிப்படிவுகளைக் கிளறிவிடும். பம்புக்குப் பின் ஒரு வடிகட்டி போடுங்கள். நிற்கவில்லை என்றால் மூடியைக் கழற்றி மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். 'களக் களக்' என்றால் மிதவைக்குள் பெட்ரோல் புகுந்துவிட்டது. மிதவையும் ஊசியும் புதிதாகப் போடுங்கள்.

கார்புரேட்டரின் அடியில் கசிந்தால்: கிண்ணத்திலிருந்து ஜெட்டுக்குப் போகும் மெல்லிய குழாயின் முனையில் இருக்கும் ரப்பர் வளையம். சில்லறைச் செலவுதான். மாற்றும்போது நட்டை ஓவராக இறுக்கக் கூடாது.

ரப்பர் குழாயிலேயே ஈரம் என்றால்: வண்டியிலுள்ள எல்லா பெட்ரோல் ரப்பர் குழாய்களையும் மாற்றுங்கள். ஒன்றை மாற்றி மற்றதை விடாதீர்கள், அவை எல்லாம் ஒரே வயது. வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும், சில குழாய்கள் கைக்கு மெழுகாக இருக்கும். எத்தனாலைத் தாங்கும் ஆர்-9 தரக் குழாய் என்று கேட்டு வாங்குங்கள். மலிவுக் குழாய் வெளியே பளபளப்பாக இருந்து உள்ளே கரைந்து, அந்தத் துகளே ஊசியில் போய் உட்காரும். பம்பின் டையஃப்ரமும் பழையது என்றால் அதற்கும் நாள் குறித்துவிடுங்கள்.

டேங்கே ஒழுகினால் கழற்றி நிபுணரிடம் கொடுங்கள். பெட்ரோல் டேங்குக்கு வீட்டில் வெல்டிங் வைக்கவே கூடாது. காலி டேங்கில் நிற்கும் ஆவி, பெட்ரோல் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது.

ஸ்லோவில் நிற்கவில்லை, கார்புரேட்டரில் தும்முகிறது

வரிசை மாறக் கூடாது: டேப்பட், பிளக், பாயிண்ட், டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்), பிறகுதான் கார்புரேட்டர்.

டேப்பட் இடைவெளி, எஞ்சின் ஆறியிருக்கும்போது, 0.38 மி.மீ. எட்டு வால்வுகளில் முழுதாகத் திறந்திருக்கும் வால்வின் எண்ணை ஒன்பதிலிருந்து கழியுங்கள். கிடைக்கும் எண்ணுள்ள வால்வைத்தான் அப்போது சரிபார்க்க வேண்டும். அம்பாசடர் மெக்கானிக்குகளுக்கு இது மனப்பாடம். பிளக் இடைவெளி 0.63 மி.மீ. சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1, 3, 4, 2. வயர் மாறியிருந்தால் தும்மல் வரும்.

இவை சரியானபின், இரண்டு கார்புரேட்டர்களின் மணிக்கூண்டு போன்ற மேல்பகுதியின் மூடியைத் திறந்து எண்ணெய் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே உள்ள குழாய்த் தண்டின் விளிம்புக்கு மேல் சுமார் 13 மி.மீ. நிற்க வேண்டும். எண்ணெய் வற்றினால் ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது வண்டி தயங்கித் தும்மும்.

பிறகு, கார்புரேட்டரின் பக்கத்தில் உள்ள சிறு தூக்குக் கம்பியை மெதுவாகத் தூக்கிப் பிஸ்டனை ஒரு மி.மீ.க்கும் குறைவாக உயர்த்துங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே சுணங்கி அணையப் போனால் குறைவு. ஒரு கணம் லேசாகக் கூடிப் பழையபடி அமர்ந்தால் சரி. ஜெட் நட்டைக் கீழ்நோக்கித் திருப்பினால் பெட்ரோல் கூடும். ஒரு தடவைக்கு ஆறு முகங்களில் ஒரு முகம் மட்டும். பத்து வருடத்துக்கு முன் சரியாக இருந்த வண்டிக்கு இன்றைய எத்தனால் பெட்ரோலில் கலவை மெலிந்துதான் இருக்கும். ஒன்றிரண்டு முகம் இறக்குவது பெரும்பாலும் தேவைப்படுகிறது. இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே சீராக மூச்சு வாங்கும் நிலைக்கு வந்ததும் எஞ்சினின் குரல் மாறும் பாருங்கள், இந்த வண்டியை வைத்திருப்பதன் முழு மகிழ்ச்சியும் அந்த மாற்றத்தில் இருக்கிறது.

எவ்வளவு திருப்பியும் ஸ்லோ தங்கவில்லை என்றால் த்ராட்டில் தண்டைப் பிடித்து ஆட்டுங்கள். மேலும் கீழும் ஆடினால் அந்த இடைவெளியில் காற்று இழுக்கிறது. இது லேத் வேலை. புஷ் போட்டுத் தண்டு மாற்றக் கோவையில் கொடுக்கலாம், வீட்டில் முடியாது.

மலை ஏறும்போது சூடு முள் ஏறுகிறது

ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது கியரில், குறைந்த வேகத்தில், வெயிலில் ஏறுவது இந்த எஞ்சினுக்குப் பெரிய பரீட்சை. போத்துண்டி தாண்டி நெல்லியாம்பதிக்கு ஏறும் சாலையும் லேசுப்பட்டதல்ல. முள் ஏறினால் ஓரம் கட்டி எஞ்சினை ஆறவிடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்க வேண்டாம், அழுத்தத்தோடு கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

ஆறியதும் மலிவிலிருந்து தொடங்குங்கள். ஃபேன் பெல்ட் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை இஞ்ச் அமிழலாம், அதற்கு மேல் என்றால் தளர்வு. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருக்கிறதா? ரேடியேட்டரின் முன்பக்க இறகுகளில் பூச்சியும் மண்ணும் அடைத்திருந்தால் பின்பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். கீழ்க்குழாய் எஞ்சின் வேகத்தில் உறிஞ்சப்பட்டுச் சப்பையானால் அதை மாற்ற வேண்டும்.

அடுத்தது டைமிங். ஸ்பார்க் பிந்தினால் எஞ்சின் இழுக்காது, சூடு மட்டும் ஏறும்.

பிறகு தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு). வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள். வெப்ப நாடுகளுக்கு 74 டிகிரி செல்சியஸில் திறப்பதைப் போடலாம். நம் ஊரில் தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறியும் வழக்கம் இருக்கிறது. அது வைத்தியமல்ல. சமவெளியில் எஞ்சின் உரிய சூட்டுக்கே வராமல் ஓடி, பெட்ரோலையும் சிலிண்டரையும் தின்னும்.

அதுவும் சரி என்றால் ரேடியேட்டரின் உள்ளே உப்பு. எல்லையோரக் கிணற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் கடினமானவை. அதை ஊற்றி ஓட்டிய ரேடியேட்டரின் குழாய்களில் வெள்ளைப் படிவு கல்லாகிவிடும். கழற்றி, மேல் தொட்டியைத் திறந்து கம்பி விட்டுச் சுத்தம் செய்யும் கடையில் கொடுங்கள். இனி காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலண்டும் மட்டும்.

நிறுத்த வேண்டிய கட்டம் இது: எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டரில் விடாமல் குமிழி வருகிறது, ஆயில் மூடியின் அடியில் மோர் நிறத்தில் நுரை இருக்கிறது, அல்லது வெள்ளைப் புகை நிற்கவில்லை. மூன்றில் ஒன்று இருந்தாலும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். சூடான எஞ்சினில் ஓட்டத்தின்போது ஆயில் அழுத்தம் சதுர இஞ்சுக்கு 50 பவுண்டுக்குக் கீழே விழுந்தாலும் நிறுத்திவிட வேண்டும். ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் எஞ்சின் வேலை தெரிந்தவரிடம் ஏற்றி அனுப்புங்கள்.

ஓடும்போது சார்ஜ் காட்டும் சிவப்பு விளக்கு அணையவில்லை

பெல்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அறுந்திருந்தால் தண்ணீர்ப் பம்பும் சேர்ந்து நின்றுவிட்டது. பெல்ட் நன்றாக இருந்தால் டைனமோவின் இரண்டு வயர்களையும் கழற்றி, இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்து, அதற்கும் எர்த்துக்கும் இடையே மீட்டரை வையுங்கள். எஞ்சின் வேகத்தை மெல்லக் கூட்டுங்கள். 1,000 சுற்றுக்குள் வோல்ட் சீராக ஏறினால் டைனமோ நலம், சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட் அவுட் பெட்டியில் கோளாறு. மீட்டர் 20 வோல்ட்டைத் தாண்ட விடாதீர்கள். ஏறவே இல்லை என்றால் பிரஷ், அதுவும் சரி என்றால் வைண்டிங். மோட்டார் பம்ப் தொழிலில் ஊறிய கோவையில் டைனமோ வைண்டிங் செய்யும் கைகளுக்குப் பஞ்சமில்லை. கட் அவுட் பெட்டியின் திருகுகளை நீங்களே திருப்ப வேண்டாம், அதிக சார்ஜில் பேட்டரி கொதித்துவிடும்.

ஆக்சிலேட்டரை விட்டதும் பின்னால் 'டொக்'

கம்பிச் சக்கரம் உள்ள வண்டி என்றால் நடு நட்டு தளர்ந்திருக்கலாம். செம்புச் சுத்தியலால் இறுக்குங்கள். இரண்டு பக்கத்துக்கும் மரை வேறுவேறு, இடவலம் மாற்றி மாட்டினால் ஓட ஓடக் கழலும். இறுக்கியும் சத்தம் வந்தால் சக்கரத்தைக் கழற்றி ஹப்பின் பற்களைப் பாருங்கள். ஊசிமுனைபோலக் கூர்ந்திருந்தால் சக்கரமும் ஹப்பும் சேர்ந்து மாற வேண்டும். அதுவரை வண்டி ஓடக் கூடாது.

பிரேக் மிதி தாழ்கிறது, அல்லது வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது

இங்கே மட்டும் என் பேச்சு வேறு. அந்தக் காலத்து இந்த வண்டிகளில் பிரேக்குக்கு ஒரே சுற்று. ஒரு சக்கரத்தில் ஆயில் ஒழுகினாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. மலை இறக்கத்தில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

வீட்டில் பார்க்கலாம், ஓட்டக் கூடாது. பிரேக் ஆயில் மட்டம் இறங்கியிருக்கிறதா? நான்கு சக்கரங்களின் உள்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் எங்கே என்று தெரிந்தால் அங்கே வீல் சிலிண்டர், அல்லது முன்சக்கரம் என்றால் காலிப்பர். ஈரம் எங்கும் இல்லாமல் மிதி மெல்லத் தாழ்ந்தால் மாஸ்டர் சிலிண்டரின் வாஷர். மிதி பஞ்சுபோல இருந்து, விட்டு விட்டு மிதித்தால் கெட்டியானால் குழாயில் காற்று. ஒரு பக்கம் இழுத்தால் எதிர்ப்பக்கத்துக் காலிப்பர் பிஸ்டன் துருப்பிடித்து நகரவில்லை. மழைக்காலம் முழுவதும் ஷெட்டில் நின்ற வண்டிகளில் இது வரும். பின் டிரம் பிரேக்கை அட்ஜஸ்ட் செய்து மிதி உயர்கிறதா என்று பார்ப்பது ஒன்றுதான் உரிமையாளரே செய்யக்கூடிய வேலை.

மற்ற எல்லாவற்றுக்கும் பிரேக் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ரப்பர் வாஷர்களை மட்டும் மாற்றிப் பள்ளம் விழுந்த சிலிண்டரை அப்படியே விட்டுவிடச் சம்மதிக்காதீர்கள். சிலிண்டருக்குள் விரல் விட்டால் நகத்தில் தட்டும் பள்ளம் இருந்தால் ஸ்லீவ் போட வேண்டும், அல்லது புதியது. மெதுவாக ஓட்டிக்கொண்டு பட்டறை வரை போய்விடலாம் என்று எண்ண வேண்டாம். படுக்கை லாரியில் ஏற்றுங்கள். ஏற்றும்போது கட்டும் பட்டையைக் கம்பிச் சக்கரத்தின் கம்பிகளுக்குள் விடாமல், டயரின் மேல் சுற்றிக் கட்டச் சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள்.